பானெட்டைத் தூக்கிக் காட்டுங்கப்பா

எழுதி ரொம்ப நாளாகி விட்டது. வேலை, பனி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று வழக்கமான சாக்குகள்தான். இது ஒரு பழைய மாருதி 800-இன் என்ஜின் அறையில் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்த கதை. கார் சமாச்சாரம் பிடிக்காதவர்கள் நடுவில் நாலைந்து பத்திகளைத் தாண்டிப் போகலாம். கோபிக்க மாட்டேன் :-)

முதலில் ஊர். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் கன்னியாகுமரி மாவட்டமாகி மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை மட்டும் கேரளாவிலேயே நின்று விட்டது. அதனால் எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், சாமான் வாங்கக் களியக்காவிளை. துருவைக்கூட 'துரும்பு' என்றுதான் சொல்வோம். மலையாளத்தில் அதுதான் சொல். சென்னை விடுதியில் "சைக்கிள் துரும்பு பிடிச்சுப் போச்சு" என்று சொல்லி ஒரு வருடம் கேலி வாங்கினேன். அவர்களுக்குத் துரும்பு என்றால் வைக்கோல் துண்டு.

இப்போது இருப்பது டெட்ராய்ட் பக்கம். இங்கே குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். இந்த நகரத்துக்கு அடியிலேயே, சுமார் 350 மீட்டர் ஆழத்தில், பெரிய உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. உப்பு தானாகத் துருவை உண்டாக்குவதில்லை. ஈரத்தோடு சேரும்போது அந்தத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், இரும்பு அரிப்பதும் வேகமாகும். கார் உதிரிபாகங்கள் அப்படி அரிக்காமல் இருக்க எந்தப் பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அசடு வழியப் போகிறேன்.

அப்பா முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவர். ரிட்டயர் ஆனபின் 2009-இல் வாங்கிய வெள்ளை மாருதி 800-தான் அவர் சொந்தமாக வாங்கிய முதலும் கடைசியுமான வண்டி. தினமும் காலையில் பானெட்டைத் தூக்கித் தண்ணி, ஆயில், பெல்ட், பேட்டரி எல்லாம் பார்ப்பார். "வண்டிக்க வயித்தத் தொறந்து பாத்துட்டுதான் ஏறணும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது வண்டியையும் காட்டுவார். துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருக்கும். "வண்டி நல்லா இருக்குல்லாலே?" "சூப்பரா இருக்குப்பா." வருடக் கணக்காக இதே வசனம்தான்.

2024 ஜனவரியில் ஊருக்குப் போனேன். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதன்பின் பரிசோதனைக்குக் காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு மார்ச்சில் கெடு. தம்பி 'ஆக்கருக்குப் போடலாம்' என்றான். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் விட்டார். சரி, பார்ப்போமே என்று பானெட்டைத் தூக்கினேன்.

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பேட்டரி உட்காரும் தட்டு செதில் செதிலாக உரிந்து வந்தது. கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகாலில் பலா இலையும் ரப்பர் இலையும் மக்கி, இடவப்பாதி மழை, துலாவர்ஷம் இரண்டின் தண்ணீரும் என்ஜினுக்குப் பின்னாலிருக்கும் தகடு வழியாக இறங்கியிருக்கிறது. பொழியூர் கடல் ரொம்பத் தூரமில்லை, காற்றில் உப்பும் உண்டு. அந்தத் தகட்டில்தான் சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும். கடைசி எழுத்துகள் துருவுக்குள் மூழ்கிக் கிடந்தன.

பக்கத்து வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். "கிரைண்டர் வச்சு மொத்தமா வழிச்சு, பட்டி போட்டு அடிச்சிடலாம்" என்றார்கள். நம்பரையும் சேர்த்து வழித்து விட்டால்? இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பதே அதைத்தான். நம்பர் சிதைந்த வண்டி என்றால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரும், அப்புறம் நம் வண்டி நம் வண்டிதான் என்று நாமே நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டும். வீட்டிலேயே செய்வது என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் பேட்டரியைக் கழற்றினேன். நெகட்டிவ் முனையை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில். தட்டில் ஊறியிருந்தது ஆசிட். அதை அப்படியே விட்டு மேலே எந்தப் பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. அம்மாவிடம் அப்பக்காரம் (ஆப்பசோடாதான்) வாங்கித் தண்ணியில் கரைத்து ஊற்றினேன், நுரைத்துப் பொங்கியது. நுரை அடங்கும் வரை ஊற்றிக் கழுவினேன். ஆல்டர்னேட்டர், ஒயர் முனைகள், ஃபியூஸ் பெட்டி எல்லாவற்றையும் முன்னமே பிளாஸ்டிக் பை கட்டி மூடியாயிற்று.

இரண்டாம் நாள் கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் எமரி பேப்பர், பிறகு 180, 320. ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். தட்டில் மட்டும் ஓட்டை. தட்டு தனியாகக் கழன்று வருவதால் மார்த்தாண்டத்தில் வேறு வாங்கிக்கொண்டேன். தகடு கெட்டியாக இருந்தது, பெரிய ஆறுதல். குழிகளுக்குள் சுரண்ட முடியாத துருவுக்குப் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த திரவம் தடவினேன். அது சிவப்புத் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், இடம் கறுத்து விடும். ஒரு நாள் காயவிட்டுத்தான் பிரைமர்.

நம்பர் இருந்த இடத்தில் மட்டும் எமரி பேப்பர் படவில்லை. மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும்தான். அந்தத் திரவத்தையும் பஞ்சில் தொட்டு, ஊற விடாமல் துடைத்துத் துடைத்து எடுத்தேன். அரை நாள் போயிற்று. "தெரியாப்பா?" என்று அப்பாவைக் கூப்பிட்டேன். குனிந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் வெள்ளைப் பேப்பரும் பென்சிலும் கொண்டு வந்தார். பேப்பரை நம்பர் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். பேப்பரை வெயிலில் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்து ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டார். ஒன்றுகூட விடாமல் எல்லாம் இருந்தது.

எனக்குச் சந்தோஷத்தைவிட அந்தக் 'கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில்'தான் உறைத்தது.

"எப்பம்ப்பா கடைசியா பானெட்டத் தொறந்தீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு வருசம் இருக்கும்லே. ஆயில் கம்பியில உள்ள கோடு தெரியல்ல. பின்னே எதுக்குத் தொறக்க?"

"எங்கிட்ட சொல்லலியே?"

"நீ அங்க இருந்துகிட்டு என்ன செய்வ?"

துருவைப் பற்றி அலுவலகத்தில் எத்தனை அறிக்கை எழுதியிருப்பேன்! ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளிப் பெயிண்டைப் பார்த்து 'சூப்பர்' சொன்னவனும் நான்தான்.

மறுநாள் பெயிண்ட் வேலையை நிறுத்தி வைத்து டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் திமிரம், அதாவது கண்புரை. அப்படியே கடைக்கு வண்டியும் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சாவியை அன்றே வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மீதி வேலையை இரண்டு பேருமாக முடித்தோம். என்ஜினைச் சுற்றித் தமிழ்ப் பத்திரிகையும் மலையாளப் பத்திரிகையும் ஒட்டி மூடினோம். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட்டு, அதன்மேல் வெள்ளை ஸ்பிரே மூன்று கோட்டு. ஒவ்வொன்றும் மெல்லிசாக, நடுவில் கால் மணி நேரம் விட்டு. ஒரேயடியாக அடித்தால் வழியும். ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட் இன்னும் உறுதிதான், ஆனால் அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. அதை வீட்டு முற்றத்தில் யாரும் முயல வேண்டாம். நம்பர் மேல் பெயிண்ட் கிடையாது, கிரீஸ் மட்டும். "பையச் செய்லே, பஸ்ஸு விட்டுப் போவாது" என்று அப்பா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரியில் ஒரு கண், ஏப்ரலில் அடுத்தது. நான் திரும்பி வந்தபிறகு தம்பிதான் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டு போனான். இன்ஸ்பெக்டரும் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்தாராம். 2029 வரை பதிவு கிடைத்தது. இரண்டாவது கண்ணும் ஆறி டாக்டர் சம்மதித்தபின் சாவி அப்பாவிடமே திரும்பிப் போயிற்று. பகலில் மட்டும், களியக்காவிளை வரை மட்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இப்போதும் உண்டு. வண்டியைச் சுற்றிக் காட்டுவார். நான் விடுவதில்லை. "பானெட்டைத் தூக்கிக் காட்டுங்கப்பா." தூக்குவார். "ஆயில் கம்பியை எடுத்துக் கோட்டைச் சொல்லுங்க." எடுத்து, துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பார்.

"மேல் கோட்டுக்கு இம்மிணி கீழலே. போதுமா?"

போதும்ப்பா.