முதலில் மூலையைத் தொட்டுப் பாருங்கள்

எங்கள் வயதில் பலருக்கு இப்போது வாசிப்பு என்றால் டேப்தான். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், தொலைதூரத்தில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தை நன்றாகப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை வாங்கித் தரும் பிள்ளைகள், கவர் விஷயத்தில் மட்டும் அவசரப்படுகிறார்கள். "ஏதாவது ஒரு கவர் போட்டுக் கொடுங்கண்ணே" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் பணத்தை எடுக்கிறார்கள். கையில் எடுத்து, திருப்பி, அழுத்திப் பார்த்து வாங்கும் பழக்கம் வீடுகளில் குறைந்துவருவது எனக்குக் கவலை தருகிறது. அதனால்தான் இந்தச் சிறு பொருளைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கவரின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் டேப், தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடியின் பலம். ஒரு மில்லிமீட்டருக்குள் சட்டென்று நின்றால் விழும் அடியோடு ஒப்பிட்டால், ஐந்து மில்லிமீட்டர் அமுங்கி நின்றால் விழும் அடி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிப்பதும் இதற்காகத்தான். ஆகவே நல்ல கவர் என்பது கல்போல் இருப்பதல்ல. உள்ளே அமுங்கும் மென்மையும், வெளியே கண்ணாடியை வளைய விடாத விறைப்பும் சேர்ந்து இருக்க வேண்டும். டிபியு எனப்படும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக் உள்ளேயும், பாலிகார்பனேட் ஓடு வெளியேயும் வைத்துச் செய்பவை இந்தக் கணக்கை அறிந்து செய்யப்பட்டவை. குழந்தைகளுக்கென்று விற்கும் தடித்த ஈவிஏ நுரைக் கவர்களும் அடியை நன்றாக வாங்கிக்கொள்ளும்.

டேப் தட்டையாக விழுவது அபூர்வம். பெரும்பாலும் மூலைதான் முதலில் தரையில் இடிக்கும். முழு எடையும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கி, அங்கிருந்து கண்ணாடியின் விளிம்புக்குப் பாயும். அதனால் கவரைக் கையில் எடுத்ததும் பூவேலையையும் நிறத்தையும் பார்க்காமல் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பக்கச் சுவரைவிட மூலை தடிமனாக இருக்கிறதா? அழுத்தினால் சற்று உள்வாங்கி மீண்டும் எழும்புகிறதா? பல மடக்குக் கவர்களில் மூலை வெட்டப்பட்டு, டேபின் உடம்பு வெளியே தெரியும். பார்க்க மெலிதாக, அழகாக இருக்கும். கீறலிலிருந்து காக்கும், விழுந்தால் காக்காது.

அடுத்து, கவர் போட்ட டேபைக் கடையின் மேசைமேல் முகம் குப்புற வையுங்கள். ஒரு விசிட்டிங் கார்டை அடியில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் விளிம்பு கண்ணாடியைவிட உயர்ந்திருக்கிறது என்று பொருள். பின்பக்கக் கேமராவுக்கும் இதே சோதனைதான். பட்டன்கள் அழுந்துகின்றனவா, சார்ஜர் முழுதாக நுழைகிறதா, நிறுத்திவைத்துத் திரையின் மேற்புறத்தைத் தட்டினால் ஸ்டாண்ட் மடங்கி விழுகிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சில கவர்களின் பெட்டியின்மேல் 'மில் ஸ்டாண்டர்ட் 810' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு. 2008-இல் வந்த 810ஜி பதிப்பின்படி, பொருளை 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும்: 6 முகங்கள், 12 விளிம்புகள், 8 மூலைகள். நல்ல சோதனைதான். ஆனால் அந்த 26 அடிகளையும் ஒரே பொருள் வாங்க வேண்டியதில்லை, ஐந்து மாதிரிகளுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். விழும் தளம் கான்கிரீட்டின்மேல் விரித்த இரண்டு அங்குல ஒட்டுப்பலகை. நம் வீட்டுத் தரையோ டைல்ஸ், கிரானைட். தவிர, அமெரிக்க ராணுவம் எந்தக் கவருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தயாரிப்பாளர் தாமே சோதித்ததாகச் சொல்லிக்கொள்வதுதான் அந்த வாசகம். திரையின்மேல் பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டும்போது கடைக்காரர் சொல்லும் '9எச்' என்பதும் பென்சில் கூரால் கீறிப் பார்க்கும் அளவுதான். தூசியோடு வரும் மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. ஆகவே கவரை அவ்வப்போது கழற்றி உள்ளே சேர்ந்த தூசியைத் துடையுங்கள்.

தோல் போலத் தெரியும் கவர்களில் பெரும்பாலானவை பியு எனும் செயற்கைப் பூச்சு. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தானாகச் சிதைந்து உரியும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அலமாரியில் வைத்திருந்தாலும் உரிந்துவிடும். பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்றால் அதற்கு அதிகப் பணம் கொடுக்காதீர்கள். தெளிவான டிபியு கவர் மஞ்சளாவது வேறு. அதில் அழகுதான் முதலில் கெடும்.

இவற்றைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு. கழற்றாமல் வைத்திருக்கக்கூடிய கவரே காக்கும். அரை கிலோ டேபுக்கு இன்னொரு அரை கிலோ கவர் போட்டால், மூட்டுவலி உள்ள பாட்டி அதைக் கழற்றி வைத்துவிடுவார். அப்புறம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பயனில்லை. சிறு பிள்ளைக்குக் கைப்பிடியுள்ள நுரைக் கவர், பள்ளிப் பையில் போட்டுச் செல்பவருக்குத் திரையை மூடும் கவர், படுத்துக்கொண்டு படிப்பவருக்கு லேசான கவர் என்று ஆளுக்கேற்பத் தேர்வு மாறும். பிள்ளை கையில் கொடுத்துவிட்டு "போட்டுடாதே, போட்டுடாதே" என்று நொடிக்கொரு தரம் அதட்டுவதும், பயந்துகொண்டு பீரோவில் பூட்டுவதும் நல்ல வழியல்ல. பிள்ளைகள் கைதவறிப் போடத்தான் செய்வார்கள். வீட்டில் அந்த அதட்டல் குறைகிறதே, அதையும் கவரின் மதிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பேஸ்மேக்கர் வைத்துள்ள பெரியவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. மூடினால் திரை அணையும் கவர்களில் காந்தம் இருக்கும். அந்த டேபை நெஞ்சின்மேல் சாய்த்துப் படிக்காதீர்கள். குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருங்கள். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் சார்ஜ் போடும்போது தடித்த கவரைக் கழற்றிவிடுவதும் நல்லது. சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

விலைக்கு வருவோம். பல மாடல்களில் உடைந்த திரையை மாற்ற ஆகும் செலவு, டேபின் விலையில் பெரும் பங்கு. அந்தத் தொகையை விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதோடு ஒப்பிட்டுக் கவரின் விலையை எடைபோடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் டேபின் மாடல் எண்ணைச் சொல்லியே வாங்குங்கள். ஒரே அளவுத் திரை என்றாலும் கேமராவும் பட்டனும் இடம் மாறியிருக்கும். பாக்கெட்டில் அதிகபட்ச விலையும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பில் கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கடைக்குப் போகும்போது டேபை எடுத்துச் செல்லுங்கள். கூடவே அதைப் பயன்படுத்தப்போகிறவரையும் அழைத்துச் செல்லுங்கள். பாட்டியோ பேத்தியோ, அவர் கையில் சிறிது நேரம் பிடித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பணம் கொடுங்கள்.