உதவி இருந்தால் எவ்வளவு?

அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழுக்காக அரசு மருத்துவமனைக்கு வருபவர்களை மதிப்பிடும் உளவியலாளர் நான். பினே-காமத் தேர்வுப் பெட்டி, செகுவின் ஃபார்ம் போர்டு, ஒரு ஸ்டாப்வாட்ச் ஆகியவைதான் என் கருவிகள். இந்தத் தொழிலில் முதலில் கற்றுத்தருவது ஒரு விதியை: தேர்வு நடக்கும்போது உதவக் கூடாது. கேள்வியைக் கையேட்டில் உள்ளபடியே கேட்க வேண்டும். விடை சரியா தவறா என்பது நம் முகத்தில் தெரியக் கூடாது. “நேத்துகூட வீட்ல சொன்னியேடா” என்று அம்மா எடுத்துக்கொடுத்தால், அவரை வெளியே உட்காரச் சொல்ல வேண்டும்.

எல்லாரையும் ஒரே நிலையில் வைத்து அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால் விதி நியாயமானதே. ஆனால் அந்த நிலையில் யாரும் வாழ்வதில்லை. வங்கிச் சலானை நிரப்பப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறோம். வருமான வரிக் கணக்குக்கு ஆடிட்டரிடம் போகிறோம். நம் அறிவில் பெரும்பகுதி நம்மைச் சுற்றி இருப்பவர்களிடம்தான் இருக்கிறது. அதை ஒரு மணி நேரம் பறித்துக்கொண்டு, மிச்சத்தை எண்ணாக்கித் தருவதுதான் என் தேர்வு.

இந்தக் கருவிகளை உருவாக்கியவர்களின் எண்ணம் வேறாக இருந்தது. ஃபார்ம் போர்டில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்து மரக்கட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் பொருத்தும் நேரத்தை நாங்கள் அளக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுவார்ட் செகுவின் இத்தகைய பலகைகளைக் கையாண்டது, படிக்கவே லாயக்கில்லை என்று கைவிடப்பட்ட பிள்ளைகளின் கண்ணையும் கையையும் பழக்குவதற்கு. கடிகாரம் பின்னால் வந்து சேர்ந்தது. 1905இல் ஆல்ஃப்ரெட் பினேயும் தியோடோர் சிமோனும் தங்கள் தேர்வை அமைத்ததும், பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். ஒருவருடைய அறிவு ஒருபோதும் வளராது என்ற பேச்சை 1909இல் வெளிவந்த தன் நூலில் பினே கடுமையாக மறுத்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்துபோனார்.

தேர்வு அமெரிக்காவுக்குப் போனதும், கற்பிப்பதற்காக வந்த கருவி ஒதுக்குவதற்கான கருவியானது. 1927இல் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய மனவயது ஒன்பது என்ற தேர்வு முடிவும் அவருக்கு எதிரான சாட்சியங்களில் ஒன்று. இத்தகைய தேர்வுகள் தரும் எண்ணின் எல்லைக்கோடாவது நிலையானதா? 1961இல் ஐ.க்யூ 85க்குக் கீழே என்று இருந்த வரம்பை, 1973இல் அறிவுசார் குறைபாட்டுக்கான அமெரிக்க நிபுணர் சங்கம் 70க்கு அருகே இறக்கியது. யாருடைய மூளையிலும் எதுவும் மாறாமலே ஏராளமானோர் ‘குறைபாடு’ நீங்கியவர்களானார்கள்.

எங்கள் அறையில் இப்படிப்பட்ட ஒரு கோட்டுக்குப் பணமதிப்பும் உண்டு. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி, அன்றாட வாழ்வுத் திறனை அளக்கும் வைன்லாந்து அளவுகோலில் 55 முதல் 69 வரை மதிப்பெண் பெற்றால் 50 சதவீத ஊனம் என்று இருந்தது; 70 முதல் 84 வரை 25 சதவீதம். சலுகைகளோ 40 சதவீதத்தில் தொடங்குகின்றன. அதே பிள்ளையை வேறொரு நாள் அளந்தால் நாலைந்து மதிப்பெண் ஏறியிறங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் 69க்கும் 70க்கும் நடுவில்தான் மாதாந்திர உதவித்தொகை நின்றது.

ஆகவே மதிப்பெண் போட்டு முடித்தபின் ஸ்டாப்வாட்சை இழுப்பறையில் வைத்துவிட்டு, தவறிய பகுதிகளை மறுபடி செய்யவைப்பேன். இந்தச் சுற்று கணக்கில் சேராது. இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் உதவலாம். முதலில் சும்மா காத்திருப்பது. பிறகு கேள்வியைச் சின்ன வாக்கியமாக்குவது. அடுத்து சைகை, செய்துகாட்டுவது, கையைப் பிடித்துச் செய்யவைப்பது. எந்தப் படியில் பூட்டு திறக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வேன்.

ஓர் இளம்பெண்ணுக்கு ஃபார்ம் போர்டு கட்டைகளை வழக்கம்போல மூன்று அடுக்காக வைத்தேன். எதையெடுப்பது என்று தெரியாமல் அடுக்கைக் கலைத்துவிட்டாள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். பத்தும் பொருந்தின. வடிவம் அவளுக்குத் தெரியும். குவியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அவளை முடக்கியது. “ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும் முன்னால் இருக்கட்டும்” என்று அறிக்கையில் எழுதினேன். தொழிற்பயிற்சி மையத்தில் சிறப்பாசிரியர் மெழுகுவத்தி பேக்கிங்குக்குத் தனித்தனித் தட்டு வைத்தார்; வேலை ஓடியது. அவளுடைய ஐ.க்யூ எண் அந்த ஆசிரியருக்கு எதற்குமே பயன்பட்டிருக்காது.

அன்றாட வாழ்வுத் திறனை அளக்க, முன்பு சொன்ன வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல் இருக்கிறது. நாக்பூரில் மாலின் என்பவர் இந்தியாவுக்கு ஏற்பத் திருத்தியது. இதில் கேள்வி அம்மாவுக்கு. “தனியா கடைக்குப் போவாளா?” “விட்டதே இல்ல மேடம். காலம் கெட்டுக்கிடக்கு.” “தலை வாரிக்குவாளா?” “அவ வாரினா ஸ்கூல் வேன் போயிடும் மேடம், நானே பின்னிவிட்டுடுவேன்.” இரண்டுக்கும் அவசரத்தில் கழித்தல் குறி போட்டுவிடலாம். ஆனால் அளவுகோலை வகுத்த எட்கர் டால், வாய்ப்புக் கிடைக்காததால் செய்யாதவற்றுக்குத் தனிக்குறி வைத்திருக்கிறார். அதை உரிய இடத்தில் போடப் பொறுமை வேண்டும். பல தாள்களில் நான் அளப்பது பிள்ளையின் திறனையா, தெருவைப் பற்றிய தாயின் பயத்தையா என்ற சந்தேகம் எழுகிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. தெரு மாறாமல் அம்மாவை மட்டும் மாறச் சொல்ல எனக்கு வாய் வராது.

சக மருத்துவர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. கண் மருத்துவர் கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தெரிகிறது, போட்டால் எவ்வளவு தெரிகிறது என்று இரண்டையும் எழுதுகிறார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பார்வைக் குறைபாட்டை, முடிந்த அளவு திருத்தியபின் மிஞ்சும் பார்வையை வைத்தே வரையறுக்கிறது. அறிவு என்று வரும்போது மட்டும் கண்ணாடி போடாத அளவோடு கோப்பை மூடிவிடுகிறோம்.

அதற்காக உதவியோடு எடுக்கும் மதிப்பெண்ணையே சான்றிதழில் போடலாம் என்று சொல்லவில்லை. கண்ணாடியை ஒருமுறை வாங்கினால் போதும். இங்கே உதவி என்பது ஒரு மனிதர். பெரும்பாலும் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் அம்மா. உதவித்தொகைக்கு முதல் எண்ணே இருக்கட்டும். வாழ்க்கைக்கு, உதவியோடு என்ன முடிந்தது என்று எழுதும் இரண்டாவது பக்கமும் வேண்டும். 1992இலேயே அமெரிக்கச் சங்கம், ஒருவருக்கு எவ்வளவு குறைகிறது என்பதை விட்டு எவ்வளவு துணை தேவை என்று வகைப்படுத்தத் தொடங்கியது: அவ்வப்போது, குறிப்பிட்ட காலத்துக்கு, அன்றாடம், எந்நேரமும்.

“இவர்களுக்குள் அபூர்வத் திறமை ஒளிந்திருக்கும்” என்று மேடைகளில் பேசுவதை நான் ஏற்பதில்லை. சிலருக்கு ஒளிந்திருக்கும், பலருக்கு இருக்காது, நம்மில் பலருக்கும் இல்லாததைப் போல. ஊட்டிவிட்டால்தான் சாப்பிட முடிகிற பிள்ளையிடம் திறமையைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே மதிப்பேன் என்பது, தேர்வை வேறு பெயரில் மறுபடி வைப்பதுதான். பள்ளியிலும் தெருவிலும் வேலையிடத்திலும் ஒருவருக்கு இடம் கொடுக்க அறிவின் அளவு நிபந்தனை ஆகக் கூடாது. அந்த இடத்தை எப்படி அமைப்பது என்று சொல்ல மட்டுமே அளவு உதவ வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாற்றுத்திறன் மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் தருகிறோம். அதனால் தேர்வு கெட்டுவிடவில்லை. இதையே வகுப்பறைக்கும் ரேஷன் கடைக்கும் பட்டறைக்கும் நீட்டினால் போதும். ஓர் உளவியலாளரின் அறிக்கையில் எண்ணுக்குக் கீழே நாலு வரியாவது இருக்க வேண்டும்: இவரிடம் எப்படிப் பேசுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எந்த உதவி பலித்தது, எது பலிக்கவில்லை. எண்ணோடு மட்டும் அறிக்கை வந்தால் பெற்றோர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, “இரண்டாவது பக்கம் எங்கே மேடம்?” என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களுடையது.