எட்டு சதவீதம்

எங்கள் ஊரான ஆலங்குடியில் குடிப்பவர்களுக்கு ஒரே கேள்விதான்: ஏறுதா, இல்லையா? டாஸ்மாக் பிராந்தி 42.8 சதவீதம். வேலைக்காக நான் போய்ச் சேர்ந்த ஜெர்மனியின் ட்ரியர் நகரில், சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளும் ரீஸ்லிங் கபினெட் வெள்ளை ஒயின் பெரும்பாலும் எட்டு, ஒன்பது சதவீதம். நம் ஸ்ட்ராங் பீர் அளவு. நான் குடிப்பழக்கம் இல்லாத வீட்டுப் பிள்ளை. அங்கே இந்த ஒயினைப் பழகிக்கொண்டதை வீட்டில் வெகுநாள் சொல்லவில்லை. சொன்னால் பிராந்திக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

என்னை இதன் பக்கம் திருப்பியது கருவாட்டுக் குழம்பு. சிவப்பு ஒயினின் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்தால் நாக்கில் கசக்கும். மீனோடு சேர்ந்தால் இரும்பு வாடை அடிக்கும். சாராயச் சத்து கூடக்கூட காரமும் எரியும். கபினெட்டில் அந்தச் சத்து குறைவு. குளிர் பூமி என்பதால் அங்குள்ள மோசல் ஆற்றங்கரைத் திராட்சையில் புளிப்பு நிற்கிறது. சர்க்கரை முழுதும் நொதித்துத் தீருமுன் நிறுத்திவிடுவதால் கொஞ்சம் இனிப்பும் தங்குகிறது. இனிப்பு மிளகாயைத் தணிக்கும், புளிப்பு நம் புளிக்கு ஈடுகொடுக்கும். புளிப்பில் குழம்பைவிடக் குறைந்த ஒயின் சப்பென்றாகிவிடும். லேபிளில் ‘ட்ரோக்கன்’ என்றிருந்தால் இனிப்பில்லாதது. காரச் சாப்பாட்டுக்கு நான் அதை எடுப்பதில்லை.

ட்ரியர் ரோமானியர் உண்டாக்கிய ஊர். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பீப்பாய் ஏற்றிய கப்பல் சிற்பம் ஒன்று இருக்கிறது. நொய்மாகனில் கிடைத்த, மூன்றாம் நூற்றாண்டு ஒயின் வணிகர் ஒருவரின் கல்லறைச் சிற்பம். அதைப் பார்த்தபோது எனக்குக் கருக்காக்குறிச்சிதான் நினைவுக்கு வந்தது. ஆலங்குடிப் பக்கத்து ஊர். 1898-இல் அங்கே 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன, பெரும்பாலானவை உளியால் முகம் வெட்டப்பட்டவை. யவனர் கலத்தில் வந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அது ரீஸ்லிங்காக இருக்க வழியில்லை. அந்தத் திராட்சையின் பெயர் ஏட்டில் ஏறியதே 1435-இல்தான். என்றாலும் ஒயின் நமக்கு நேற்று வந்த சங்கதி இல்லை என்று அம்மாவிடம் சொல்ல ஒரு வாதம் கிடைத்தது.

விடுமுறைக்கு ஒரு பாட்டிலோடு ஊருக்குப் போனேன். “அம்மா, அங்க சாப்பாட்டோட ஒரு கிளாஸ் குடிப்பேன்” என்றேன். நக்கீரர் தேவைப்படவில்லை. “தெரியும். போன்ல பேசறப்பவே ரெண்டு தடவ உளறுன” என்றார் அம்மா.

மாமாதான் முதலில் வாங்கிச் சுவைத்தார். “என்ன மாப்ள, பதநீர்ல எலுமிச்சம்பழம் புழிஞ்ச மாதிரி இருக்கு? ஏறவே மாட்டேங்குதே!” பிறகு கோட்டைப்பட்டினத்து நண்டு வறுவல் வந்தது. நண்டின் இனிப்பு, மிளகுக் காரம், குளிர்ந்த ஒயின் மூன்றும் சேர, மாமா பேச்சை நிறுத்திவிட்டார். முட்டை மாஸுக்கும் அது ஒத்துப்போனது. ஆட்டுக்கறிச் சுக்காவிடம் தோற்றது; அந்த எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் இந்த மெலிந்த ஒயின் தாங்காது. கடைசியில் வடகாட்டுப் பலாச்சுளையோடு குடித்துப் பார்த்தோம், வெறும் புளித்தண்ணீர். இனிப்பில் ஒயின் பண்டத்தை மிஞ்ச வேண்டும். பலாவை மிஞ்ச, நன்கு பழுத்த குலைகளில் எடுக்கும் இனிப்பான ‘அவுஸ்லேசே’ வேண்டும்.

“அடுத்த தடவ அதையும் கொண்டாங்க மாப்ள” என்றார் மாமா. “சுக்காவுக்கு என்ன தோதுன்னும் கேட்டுட்டு வாங்க.”