கெட்டி மேளமும் பிளாஷ் விளக்கும்

கல்யாண வீட்டில் யாருடைய அதிகாரம் மேலானது என்று முன்னாளில் கேட்டிருந்தால், புரோகிதருடையது என்று சொல்லியிருப்போம். அவருக்கு அடுத்தபடி சமையற்காரர். இக்காலத்தில் அவ்விருவரையும் மிஞ்சிய ஒருவர் தோன்றியிருக்கிறார். அவர் "இன்னொரு தடவை!" என்றால், மாப்பிள்ளை போட்ட மாலையைக் கழற்றி மறுபடியும் போடுகிறார். "இந்தப் பக்கம் பாருங்கள்" என்றால், காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்த சம்பந்தி அம்மாள் கூடப் புன்னகை புரிகிறாள். அவர்தாம் போட்டோக்காரர்.

ஆனால் அந்தப் போட்டோக்காரரையே ஆட்டி வைக்கும் வஸ்து ஒன்று உண்டு. அது அவருடைய காமிராவின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் பிளாஷ் விளக்கு.

வீட்டுக் கல்யாணங்களில் காமிராவும் கையுமாக அலைவது எனக்கு வெகுநாளைய பழக்கம். அதை உத்தேசித்துத்தான் என் தமக்கையின் குமாரன் சென்ற மாதம் என்னிடம் யோசனை கேட்க வந்தான். அவன் கடை உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கல்யாணப் படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறான். தை மாதத்தில் மூன்று முகூர்த்தங்களுக்கு முன்பணமும் வாங்கிவிட்டான். காமிரா வாங்கியதில் என் தமக்கையின் இரட்டைவடச் சங்கிலி பாங்கிக்குப் போய்விட்டது. கையில் மிஞ்சியிருந்த தொகை பெரிய கம்பெனியின் பிளாஷ் ஒன்றுக்குச் சரியாக இருக்கும்.

"மாமா, எதை வாங்கலாம்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் கல்யாணம் செய்யப் போகிற எல்லாரும் தெரிந்து கொள்ளலாம். போட்டோக்காரரை அமர்த்துகிறவர்களும் அவர் கையிலுள்ள கருவி இன்னதென்று அறிந்திருப்பது நல்லதுதானே?

இந்த விளக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1887-ஆம் வருஷம் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீஸியம் தூளுடன் பொட்டாஸியம் க்ளோரேட்டைக் கலந்து, கொளுத்தினால் பளிச்சென்று எரியும் பொடியைக் கண்டுபிடித்தார்கள். வெளிச்சத்தோடு புகையும் வந்தது. சில சமயம் போட்டோக்காரரின் புருவமும் போயிற்று. 1929-இல் அதே ஜெர்மனியில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பல்பு விற்பனைக்கு வந்தது. அது ஒரு படத்துக்கு ஒரு பல்பு என்ற கணக்கு. பிறகு அமெரிக்காவில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் என்பவர், 1931 முதல் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்த ஆராய்ச்சிகளால், வாயு அடைத்த குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி ஆயிரக்கணக்கான தடவை மின்ன வைக்கும் வழியைக் காட்டினார். இன்று கல்யாண மண்டபத்தில் நம் கண்ணைப் பறிப்பது அந்த மின்னல்தான்.

என் மருமான் ஒரு ஜாபிதா கொண்டு வந்திருந்தான். அதில் ஒவ்வொரு விளக்கின் பெயருக்கு எதிரிலும் 'வழிகாட்டி எண் 60' என்று எழுதியிருந்தது. இந்த எண்ணை லென்ஸின் துவார எண்ணால் வகுத்தால், வெளிச்சம் எத்தனை மீட்டர் தூரம் எட்டும் என்பது தெரிந்துவிடும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 60 என்று பெட்டியில் அச்சிடுவது, விளக்கின் ஒளியைத் தூரத்துப் பொருளுக்காகக் குறுக்கிக் குவித்து, 200 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அளந்த கணக்கு. கல்யாணத்திலோ மணையில் இருக்கும் ஐந்தாறு பேரையும் சேர்த்து எடுக்க 35 மில்லிமீட்டர் லென்ஸ் போன்ற அகலப் பார்வை வேண்டும். அப்போது அதே விளக்கின் எண் சுமார் 35-தான். ஐ.எஸ்.ஓ. 100-இல், துவார எண் 4 என்று வைத்தால், எட்டும் தூரம் ஒன்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் இந்தத் தூரம் இரட்டிக்கும். ஆகவே ஒரே லென்ஸ் அளவில் கணக்கிட்ட எண்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

சக்தி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. வெளிச்சத்துக்கு ஒரு பொல்லாத சுபாவம் உண்டு. தூரம் இரட்டித்தால் அது பாதியாவதில்லை, காற்பங்காகிவிடுகிறது. மூன்று மடங்கு தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். மணப்பெண் ஆறடி தூரத்தில் பிரகாசமாக இருக்கும்போது, பன்னிரண்டடியில் நிற்கும் அத்தை மங்கிப் போகிறாள். பதினெட்டடியில், தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி இருட்டிலேயே கரைந்து விடுகிறாள்.

இது சாமானிய விஷயமல்ல. நம் வீடுகளில் வயதானவர்கள் தங்களுக்கென்று படம் எடுத்துக் கொள்வது அபூர்வம். அவர்கள் காலமான பிறகுதான் சுவரில் மாட்டப் படம் தேடுகிறோம். எங்கே தேடுகிறோம்? கல்யாண ஆல்பத்தில்தான். எங்கள் சின்னப் பாட்டி இறந்தபோது, நான்கு கல்யாணங்களின் ஆல்பங்களைக் கூடத்தில் பரப்பிக் கொண்டு உட்கார்ந்தோம். பாட்டி எல்லாக் கல்யாணத்திலும் இருந்தாள். எல்லாப் படத்திலும் பின்வரிசையில் இருந்தாள். கடைசியில் ஒன்றைப் பொறுக்கிப் பெரிதாக்கினோம். நேராக அடித்த பிளாஷில் அவளுடைய வைர மூக்குத்தி நட்சத்திரம் போல் ஜொலிக்கிறது. முகமோ சாம்பல் பூத்திருக்கிறது. அந்தப் படம்தான் இன்னமும் கூடத்தில் தொங்குகிறது. குழந்தைகள் "இது யார்?" என்று கேட்கும்போது, பாட்டியைப் பற்றி வாயால்தான் வர்ணிக்க வேண்டியிருக்கிறது.

இதற்குப் பரிகாரம் என்ன? பிளாஷின் தலை மேலும் கீழும், இரு பக்கமும் திரும்ப வேண்டும். வெளிச்சத்தை முகத்தில் அடிக்காமல் வெள்ளைக் கூரையில் அடித்தால், கூரை முழுதுமே விளக்காகி, மேலிருந்து மிருதுவாக ஒளி இறங்கும். பின்வரிசைக்கும் பங்கு கிடைக்கும். பட்டுச் சரிகை கண்ணைக் குத்தாது; காசுமாலையின் காசுகள் தனித்தனியே தெரியும்; வியர்த்த முகம் எண்ணெய் வழிவதுபோல் தோன்றாது. காமிராவை நெடுக்காகத் திருப்பிப் பிடிக்கும்போதும் விளக்கின் தலை கூரையைப் பார்க்க வேண்டுமாகையால், மேலே நிமிர்ந்தால் மட்டும் போதாது. பக்கவாட்டில் சுழலவும் வேண்டும். தலை திரும்பாத விளக்கை இனாமாகக் கொடுத்தாலும் கல்யாணத்துக்கு வாங்காதே என்றேன்.

கூரைக்குப் போய்த் திரும்பும் வெளிச்சத்தில் பெரும்பகுதி வழியிலேயே செலவாகிவிடும். காற்பங்கு மிஞ்சினால் பெரிது. சக்தி அதிகம் வேண்டும் என்பது இதற்காகத்தான். கூரை பச்சையாயிருந்தால் முகமும் பச்சையாகும். சிவப்புத் துணிப் பந்தலானால் மாப்பிள்ளை கோபமாயிருப்பது போல் தோன்றும். கீற்றுப் பந்தலோ வெளிச்சத்தை விழுங்கி ஏப்பம் விடும். அப்படிப்பட்ட இடங்களில் அருகிலுள்ள வெள்ளைச் சுவரைத் தேட வேண்டும். அதுவும் இல்லையேல், ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி, மண்டபத்து விளக்குகளையே பிரதானமாக்கி, பிளாஷைக் கொஞ்சமாக நேரே விடலாம். ஹோமப் புகை சூழ்ந்த வேளையில் மட்டும் நேர் வெளிச்சம் ஆகவே ஆகாது. புகைதான் வெள்ளைத் திரையாய்ப் படத்தில் விழும். தம்பதிகள் அதன் பின்னே மறைந்து போவார்கள்.

அடுத்தது வேகம். ஒரு தடவை மின்னிய விளக்கு மறுபடி மின்ன எத்தனை நேரம் ஆகிறது? 1994-இல் எங்கள் உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், போட்டோக்காரரின் பிளாஷில் செல்கள் களைத்திருந்தன. கெட்டி மேளம் முழங்கியதும் அவர் உற்சாக மிகுதியால் நாதஸ்வரக்காரரை ஒரு படம் எடுத்தார். உடனே இந்தப் பக்கம் திரும்பினார். விளக்கு 'கொய்ங்' என்று முனகிக் கொண்டிருந்ததே தவிர, மின்னவில்லை. அது மின்னியபோது முதல் முடிச்சு விழுந்தாகிவிட்டது. நாத்தனார் முடிச்சுத்தான் படத்தில் இருக்கிறது. அந்த ஆல்பத்தை மட்டும் சாட்சியமாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், அந்தப் பெண்ணுக்கு நாத்தனாரே தாலி கட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும்! மாலையைத் திரும்பப் போடச் சொல்லலாம். தாலியைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியுமா?

நான்கு பென்ஸில் செல்களில் ஓடும் பிளாஷ், முழுச் சக்தியில் மின்னினால், மறுபடி தயாராவதற்குச் செல்லின் தரத்தைப் பொறுத்து மூன்று வினாடியும் ஆகும்; அதற்கு மேலும் ஆகும். தனி லிதியம் பாட்டரி உள்ள நல்ல விளக்குக்குச் சுமார் ஒன்றரை வினாடி போதும். ஒரு தடவை சார்ஜ் செய்தால் முழுச் சக்தியில் ஐந்நூறு தடவை வரையில் மின்னும். காற்பங்குச் சக்தியில் உபயோகித்தால் அதைவிட வெகு விரைவாகத் தயாராகும். பெரிய விளக்கை அடக்கி வேலை வாங்குவது, சிறிய விளக்கைக் கசக்கிப் பிழிவதைவிட மேல்.

தானே அளந்து வெளிச்சம் விடும் வசதியைப் பற்றியும் கேட்டான். இதை டி.டி.எல். என்கிறார்கள். படம் விழுவதற்குச் சற்று முன்பு விளக்கு லேசாக ஒரு தடவை மின்னுகிறது. திரும்பி வரும் ஒளியைக் காமிரா தன் லென்ஸ் வழியாகவே அளந்து, வேண்டிய அளவை நிர்ணயிக்கிறது. ஆட்கள் முன்னும் பின்னும் நகரும் ஊர்வலத்தில் இது மகா உபகாரம். ஆனால் காமிராவுக்கு நம் தேசத்து வேஷ்டியின் மகிமை தெரியாது. வெள்ளை வேஷ்டி அணிந்த பத்துப் பேரைக் கண்டால், வெளிச்சம் மிதமிஞ்சி விட்டதென்று பயந்து குறைத்துவிடும். வேஷ்டி பழுப்பாகி, முகங்கள் கறுத்துப் போகும். அப்போது நாமாக ஒரு படி கூட்ட வேண்டும். வரவேற்பில் கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் நின்றால், குறைக்க வேண்டும். எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் குரூப் படத்துக்கோ, கையாலேயே அளவை வைத்துவிடுவது உத்தமம். ஆகையால் இரண்டு முறையும் உள்ள விளக்கே வேண்டும்.

பிளாஷைச் செருகும் இடத்துக்கு ஆங்கிலத்தில் 'சூடான செருப்பு' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். தலையில் செருப்பைச் சுமப்பது காமிராவின் தலைவிதி! அந்தச் செருப்பின் தொடர்புகள் கானனுக்கு ஒருவிதம், நிக்கானுக்கு ஒருவிதம், ஸோனிக்கு ஒருவிதம். நம் காமிராவுக்கென்று செய்ததையே வாங்க வேண்டும். தாத்தாவின் பீரோவிலிருந்து கிடைத்த பழைய பிளாஷைச் செருகிப் பார்ப்பது அபாயம். அவற்றில் சில அதிக மின்னழுத்தத்தைக் காமிராவுக்குள் செலுத்திக் கெடுத்துவிடும். எந்த பிளாஷையும் திருகாணி கொண்டு திறப்பதும் கூடாது. உள்ளே முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

இவ்வளவும் கேட்ட பிறகு, "அப்படியானால் பெரிய கம்பெனியின் விளக்கையே வாங்கிவிடட்டுமா, மாமா?" என்றான்.

"வேண்டாமடா, அப்பா! இரண்டு வாங்கு" என்றேன்.

பெரிய கம்பெனியார் ஒன்றுக்குக் கேட்கும் விலையில், கோடாக்ஸ் போன்ற தயாரிப்புகளில் ஏறக்குறைய அதே சக்தியும், லிதியம் பாட்டரியும், டி.டி.எல். வசதியும் கொண்ட விளக்குகள் இரண்டு வாங்கலாம். அவற்றுள் ரேடியோவும் அமைந்திருப்பதால், காமிரா மேலிருக்கும் ஒன்று, தூரத்திலிருக்கும் மற்றொன்றைக் கம்பியில்லாமலே ஏவும். இரண்டாவதை மண்டபத்து மூலையில் ஒரு தாங்கியின்மேல் நிறுத்திக் கூரையைப் பார்க்க வைத்தால், பின்வரிசை விளங்கும். முதலாவது முகூர்த்த வேளையில் மக்கர் செய்தால், இரண்டாவது அதன் இடத்துக்கு வந்துவிடும். கல்யாணத்துக்குப் போகிறவனிடம் மிகச் சிறந்த ஒரு விளக்கு இருப்பதைவிட, நம்பிக்கையான இரண்டு இருப்பது மேல். அடகுச் சங்கிலியை மீட்க வேண்டியவனுக்கு இது இன்னும் முக்கியம்; ஒரு முகூர்த்தம் தவறினால் அடுத்த முகூர்த்தத்துக்கு எவரும் கூப்பிட மாட்டார்கள்.

நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டோக்காரரை அமர்த்தும்போது, எத்தனை படம், ஆல்பம் எத்தனை பக்கம் என்று பேரம் பேசுகிறோம். அத்துடன், "மாற்று விளக்கு உண்டா? பெரியவர்களைத் தனியே எடுப்பீர்களா?" என்றும் கேளுங்கள். முகூர்த்த சமயத்தில் கைப்பேசியை உயர்த்திக் கொண்டு அவர் முன்னால் போய் நிற்காதீர்கள். முடிந்தால், கூட்டம் சேருமுன் பாட்டியையும் தாத்தாவையும் மண்டபத்தின் வெள்ளைச் சுவர் அருகில் உட்கார வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மணமக்களுக்குப் படம் எடுத்துக் கொள்ள இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. பெரியவர்களுக்கு அன்றைய தினம் போல் இன்னொன்று வாய்க்கும் என்று யார் சொல்ல முடியும்?