தராசில் ஏறாத மொட்டு

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டை ஒட்டிக் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று கிடக்கும் மல்லித் தோட்டங்களைச் சித்திரையில் பார்ப்பது வேறு, ஆடியில் பார்ப்பது வேறு. சித்திரையில் செடிக்குச் செடி வெள்ளையாக மொட்டு நிற்கும். நின்ற இடத்திலேயே கை நிறையும். ஆடிக் காற்றில் நான் நடந்த வரிசைகளில் இலைகளில் புழுதி ஏறியிருந்தது. சில செடிகள் செஞ்சிலந்தி தாக்கிப் பழுப்பேறியிருந்தன. மொட்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இருந்தன. செடி ஓய்ந்துவிட்டது என்று சொல்வார்கள்; அது பாதி உண்மை. குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். கார்த்திகை வாக்கில் கவாத்து செய்து விட்ட செடி, மாசி, பங்குனியிலிருந்து மாறி மாறித் துளிர்த்துப் பூத்துத் தள்ளுகிறது. கோடை கழியும்போது துளிர் குறைகிறது, மொட்டு சிறுக்கிறது. செடி ஓய்ந்தாலும் பறிக்கிறவர்களுக்கு ஓய்வில்லை. அவர்கள் வேலை அப்போதுதான் கூடுகிறது, கூலியோ குறைகிறது. இது நியாயமில்லை என்பதோடு, தோட்டத்துக்கே கேடு என்றும் நினைக்கிறேன்.

பறிப்பு பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. விடியுமுன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அன்று மாலை விரியப்போகிற மொட்டை மட்டும் எடுக்க வேண்டும். பால் வெள்ளையாகத் திரண்டிருந்தால் இன்றைய மொட்டு. பச்சை ஓடியிருந்தால் நாளைக்கு. இன்றையதை விட்டால் இரவில் செடியிலேயே விரிந்து வீணாகும். நாளையதைப் பறித்தால் விரியாமலே வதங்கும். இந்தத் தீர்ப்பை அரையிருட்டில், ஒரு கொத்துக்குள்ளேயே, கை நிற்காமல் சொல்லிக்கொண்டு போகிறார்கள். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமை மண்ணுக்கும் ஊருக்கும் சேர்ந்தது. அதில் இந்த விரல்களுக்கும் பங்கு உண்டு. பூப்பறிப்பைக் கைத்தொழில் என்று ஒப்புக்கொள்ள நாம் தயங்குவது, அது பெண்கள் செய்யும் வேலை என்பதால்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவுக்கும் கூலி கிலோக் கணக்கில். மொட்டு அடர்ந்த மாதங்களில் இந்தக் கணக்கு உறுத்துவதில்லை. ஆடியில் அதே ஒரு கிலோவுக்கு இன்னும் எத்தனையோ வரிசை குனிந்து நடக்க வேண்டும். மொட்டும் எடை நிற்காது. அதோடு நோய்ப்பட்ட மொட்டுகள் வேறு. மொட்டு ஈயின் புழு உள்ளே புகுந்தால் அடி பருத்து ஊதா ஓடி, விரியாமலே உதிர்கிறது. புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பி வருகிறது. ஆகவே ஊதா மொட்டைக் கிள்ளிக் கீழே போட்டாலும் பயனில்லை. தனியாகச் சேர்த்து அழிக்க வேண்டும். அதை முதலில் காண்பது பறிக்கிற கண்தான். ஆனால் எடைக்கூலிக்கு வந்தவர் அதற்காகச் செலவிடும் ஒவ்வொரு நொடியும் அவர் கூலியிலிருந்தே கழிகிறது. அவர் அதைத் தாண்டிப் போனால் குற்றம் சொல்ல முடியுமா?

மருந்தடித்தால் தீராதா என்று கேட்கலாம். புழு மொட்டுக்குள் இருக்கும்வரை மேலே தெளிக்கிற மருந்துக்கு அது எளிதில் அகப்படாது. நாளும் பறிக்கிற பூவில் திரும்பத் திரும்ப மருந்தடிப்பது பறிப்பவர் கைக்கும் நல்லதல்ல. நாட்கூலி கொடுத்தால் வேலை மந்தமாகும் என்பது இன்னொரு வாதம். மல்லியில் அது செல்லாது. வெயில் ஏறுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால் வேகத்தைக் காலைப்பொழுதே தீர்மானித்துவிடுகிறது. வலுவான மறுப்பு, வரத்துக் குறையும்போது தோட்டக்காரரின் வருமானமும் சுருங்குகிறது என்பது. சிறு தோட்டக்காரருக்கு அது மெய்யான நெருக்கடி, தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் வரத்துக் குறைந்தால் விலை ஏறி ஓரளவு ஈடு கட்டுகிறது. ஆவணி முகூர்த்தங்கள் வந்தால் இன்னும் ஏறும். பறிப்பவருக்கு அந்த ஏற்றத்தில் ஒன்றும் வருவதில்லை. அவர் கூலி எடையோடு கட்டுண்டது, விலையோடு அல்ல.

நாட்கூலிக்கு மாற முடியாதவர்கள் ஒன்று செய்யலாம். பறிப்பவரின் இடுப்பு மடியோடு இன்னொரு சிறு பையும் கொடுத்து, அதில் சேரும் ஊதா மொட்டுக்கும் நல்ல மொட்டின் கிலோக் கூலியையே போடலாம். ஏமாற்று நடக்கும் என்ற அச்சம் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே கூலி என்றால் நல்ல மொட்டை அந்தப் பையில் போட்டு யாருக்கும் ஆதாயமில்லை. நோய் மொட்டுக்கு எடை சொற்பம், ஆகும் செலவும் சொற்பம். அந்தப் பையை அன்றே எரித்துவிட வேண்டும்.