கேள்வியே கருவி

"உனக்கு என்ன வயசு?"

"பதினெட்டுங்க சார்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. மீசை அரும்பாத முகம், பன்னிரண்டைத் தாண்டியிருக்காது. பள்ளிபாளையம் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தான். தொழிலாளர் உதவி ஆய்வாளராக நான் சேர்ந்த புதிது. "பங்காளி பையனுங்க சார், சும்மா வந்து உக்காந்திருக்கான்" என்றார் தறிக்காரர்.

சட்டத்தின் வார்த்தையில் கேட்டால் சொல்லிக்கொடுத்த பதில்தான் கிடைக்கும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பிறகு வயதைக் கேட்பதையே விட்டுவிட்டேன். "கூடப் படிச்ச பசங்க இப்போ எந்தக் கிளாஸ்?" என்று கேட்பேன். "ஏழாவதுங்க" என்று பையன் சொல்வான், சொல்லும்போது கண் கொஞ்சம் மலரும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு மிச்சத்தைச் சொல்லிவிடும். சான்று கிடைக்காமல் வயதில் தகராறு வந்தால், அரசு மருத்துவர்தான் வயதை உறுதிசெய்ய வேண்டும். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. பதினெட்டு நிரம்பும்வரை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத உதவி செய்யலாம் என்ற விலக்கு உண்டு. திடீர்ப் பங்காளிகள் முளைப்பது அந்த விலக்கை நம்பித்தான்.

வேலை நேரமும் இப்படித்தான். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்துவிட்டது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் எல்லாக் கடையிலும் எட்டு மணிதான். ஜவுளிக் கடைப் பெண்ணிடம் "எத்தனை மணி நேரம் வேலை?" என்றால் எட்டு என்பாள். "ராத்திரி எந்த பஸ்ஸைப் பிடிப்பீங்கம்மா?" என்று கேட்டால் உண்மையான கணக்கு வந்துவிடும். 2021-இல் உட்காரும் உரிமையை அந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள். கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அதன் மேல் துணிக்கட்டு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சம்பளத்தில் கேட்க வேண்டியது, "கையில எவ்வளவு வந்துச்சு? எதுக்கு எவ்வளவு பிடிச்சாங்க?" கையெழுத்துப் போட்ட தொகைக்கும் வீட்டுக்குப் போன தொகைக்கும் இடையில்தான் குறைந்தபட்ச ஊதியம் காணாமல் போகும். "சம்மதிச்சுத்தானே வர்றாங்க" என்பார்கள் முதலாளிகள். அந்தச் சம்மதம் செல்லாது என்று 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டமே சொன்னது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே வாங்கும் உழைப்பு, அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு. பசிக்கு வேறு வழியில்லாதவர் தலையாட்டினால் அதற்குச் சம்மதம் என்று பெயரில்லை.

அந்தத் தார் சுற்றிய பையனுக்கு வருகிறேன். அவனை மீட்டேன், வழக்குப் போட்டேன், பள்ளியில் சேர்த்தேன். கோப்பில் ஒரு குறையும் இல்லை. மூன்று மாதம் கழித்து வேறொரு கூடத்தில் அதே பையன், அதே தார். அவன் அப்பா தலையைக் குனிந்தபடி சொன்னார்: "பழைய பட்டறையில அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டாங்க. இவங்ககிட்ட வாங்கித்தானுங்க அடைச்சேன்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பனுக்குச் சேர வேண்டிய கூலி குறைந்தது. குறைந்த இடத்தில் முன்பணம் வந்தது. முன்பணத்தை அடைக்கப் பையன் வந்தான். கூலி, நேரம், வயது என்று மூன்று சட்டங்களாக நான் படித்தது அந்த வீட்டில் ஒரே முடிச்சாக இருந்தது. பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே சட்டம் வந்தது. கொத்தடிமைக் கடன் ஒழிந்தது என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. இரண்டையும் படித்துத் தேர்வு எழுதியவன் நான். கடன் இருக்கிறதா என்று அந்த வீட்டில் கேட்கவில்லை.

இரண்டாம் முறை அவன் அப்பாவை அழைத்துக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ் அவர் கைக்கு வந்த பிறகுதான் பையன் பள்ளியில் நிலைத்தான்.

புதிதாக வரும் ஆய்வாளர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளையிடம் பேசுவதற்கு முன் பெற்றவரிடம் உட்காருங்கள். மெதுவாகக் கேளுங்கள்: "முதலாளிக்கு எவ்வளவு தர வேண்டியிருக்குங்க?" பதில் சட்டென்று வராது. அது வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.