பப்பானில் ஒரு மருத்துவச்சி வீடு

ஈப்போவிலிருந்து லாஹாட்டைத் தாண்டினால் பப்பான். ஈயத்தொழில் ஓய்ந்ததும் ஆளரவம் குறைந்துபோன சிற்றூர். அங்கே 74ஆம் எண் கடைவீட்டில்தான் ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு வைத்தியம் பார்த்தார். காட்டுப் போராளிகளுக்கு மருந்து கொடுத்ததற்காக 1943இல் கைதாகிச் சித்திரவதைப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் பெற்ற வீராங்கனை என்றே அவரை நினைக்கிறோம். அவர் பயின்ற தொழிலோ பிரசவம் பார்ப்பது.

அன்று தோட்டத்து லயங்களில் கைராசிப் பாட்டிமார்களே பிரசவம் பார்த்தார்கள். 1966ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம் வந்தபின் கிராமத்து பீடான்களும் பதிவுபெற்று, சுத்தத்தையும் ஆபத்து அறிகுறிகளையும் கற்றார்கள். இன்று அந்த வேலை சமூகத் தாதியருடையது. கர்ப்பிணியின் அட்டையில் நிறக்குறி இடுவார்கள். வெள்ளை என்றால் கிளினிக் தாதியே கவனிக்கலாம். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. பிள்ளை பிறந்ததும் வீட்டுக்கே வந்து குழந்தையின் தொப்புள், மஞ்சள் காமாலை, தாயின் உதிரப்போக்கு எல்லாம் பார்ப்பார்கள்.

தோட்டங்கள் போய், நாம் தாமான்களில் சிதறிவிட்டோம். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வந்தால், அந்த முகவரியைக் கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள். தாதி வந்து பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.